தள்ளுவண்டியும் தலைகுனிவும்

“இதிலுமா சிரிப்பு?” என்று கேட்பார் இருக்கின்றனர். கேட்பதிலே தவறில்லை. மணமாகாத மங்கை ஒருத்தி கருவுறுகிறாள். அவளுக்கு வயது 18. கருவுக்குக் காரணமானவனுக்கு வயது 16. பள்ளித் தேர்வு எழுதிவிட்டு, மீசை அரும்புகிறதா என்று கண்ணாடியிலே பார்த்துக்கொண்டிருக்கும் பருவம். இப்படியொரு நிகழ்ச்சியைக் கதையாக்கச் சொன்னால், கதாசிரியர்களிலே பெரும்பாலோர் பாழுங்கிணற்றைத் தேடுவர், நள்ளிரவை வரவழைப்பர், ஊரார் தூற்ற, தந்தை சீற, தாய் தலையிலடித்துக்கொள்ள, இறுதியில் அந்தப் பெண்ணின் பிணத்தை மிதக்கவிட்டு, ‘நெறி தவறியவளுக்கு இதுதான் கதி’ என்று முடிப்பர். அழுகை மிகுதியாக இருக்கும். ஆராய்ச்சி அணுவளவும் இராது. தண்டனை உண்டு, அதைப் பெறுபவள் ஒருத்தியே. உடனிருந்தவன் எங்கே? கதை பாதி நடப்பதற்குள்ளாகவே அவன் ஊரைவிட்டுப் போயிருப்பான்!

பிரிட்டனில், பி.பி.சி. த்ரீ என்ற அலைவரிசை 2012-ம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் துவக்கி, 2014 வரை மூன்று பருவங்களாக ஒளிபரப்பிய ‘பிராம்பேஸ்’ என்னும் தொலைக்காட்சித் தொடர், பாழுங்கிணற்றை மூடிவிட்டு, பாதியிலே ஓடிப்போகும் அந்த ஆண்மகனைப் பிடித்துவந்து நடுமேடையிலே நிறுத்துகிறது. எழுதியவர் கிரிஸ் ரெட்டி. நகைச்சுவைத் தொடர்தான், அறவுரை மன்றமல்ல. ஆயினும், நகைச்சுவை என்ற பெயரால் ஒரு சமுதாயம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறது என்பதைக் கொண்டே அச் சமுதாயத்தின் உள்ளத்தை அளந்துவிடலாம். அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டுதான் இத்தொடரை நாம் அணுகுகிறோம்.

கதை சிறிது. லாரா, வசதி படைத்த வீட்டுப் பெண். மேல்நிலைத் தேர்வை முடித்துவிட்டுப் பல்கலைக்கழக வாயிலை நோக்கி நிற்பவள். ஜேமி, எளிய குடும்பத்துப் பையன்; 16 வயதுக்கான பொதுத்தேர்வை அப்போதுதான் எழுதி முடித்தவன். ஒரு விருந்திலே சந்திக்கின்றனர். மது, ஆட்டம், மயக்கம், ஓரிரவு உறவு, விடிந்தால் பிரிவு. சில வாரங்கள் சென்றபின், தான் கருவுற்றிருப்பதை அவள் அறிகிறாள். அவனைத் தேடிப் பிடித்துச் சொல்கிறாள். அவனுடைய வயது என்ன என்பதும் அப்பொழுதுதான் அவளுக்குத் தெரிகிறது! குழந்தையைப் பெற்றெடுப்பது என்று முடிவு செய்கிறாள். அந்த முடிவிலிருந்து கதை நடக்கத் தொடங்குகிறது. பெற்றோரிடம் சொல்லும் பாடு, இரு குடும்பங்களும் சந்திக்கும் சங்கடம், பிள்ளைப்பேறு, பிறகு பால் புகட்டும், துணி மாற்றும், தூக்கம் கெடும் நாட்கள் — இவையே தொடரின் உடல்.

தலைப்பைப் பற்றி முதலிலே சொல்லியாக வேண்டும். அதிலே ஒரு சமுதாய வரலாறே சுருங்கிக் கிடக்கிறது. ‘பிராம்’ என்றால் குழந்தையைப் படுக்கவைத்துத் தள்ளிச் செல்லும் வண்டி. ‘பேஸ்’ என்றால் முகம். தள்ளுவண்டி முகத்தாள் என்று பொருள் கொள்க. இது செல்லப் பெயரல்ல, வசைச்சொல். நகராட்சி கட்டித் தந்த ஏழைக் குடியிருப்புகளிலே, இளவயதிலேயே பிள்ளையைப் பெற்று, வண்டியைத் தள்ளிக்கொண்டு போவாள் என்று முகத்தைப் பார்த்தாலே சொல்லிவிடலாம், அப்படிப்பட்டவள் இவள் என்று, வசதி உள்ளவர்கள் வசதியற்ற பெண்களின் மேலே எறியும் சொல். முகத்திலே குலத்தைப் படிப்பது இந்த நாட்டுக்கு மட்டுமே உரிய கலை என்று எண்ணியிருந்தோம். அங்கேயும் அந்தக் கலை உண்டு, அங்கே அதற்கு வருணம் என்று பெயரில்லை, வர்க்கம் என்று பெயர், வேறுபாடு அவ்வளவுதான்!

இந்த வசைச்சொல் திடீரென்று வானத்திலிருந்து விழுந்ததன்று. அதன் வேர் ஆழமானது. 1834-ம் ஆண்டு இங்கிலாந்திலே ஏழைகள் சட்டம் திருத்தப்பட்டது. மணமாகாமல் பிறந்த குழந்தையை 16 வயது வரையிலே காப்பாற்றும் பொறுப்பு முழுவதும் தாயையே சேரும் என்று அச்சட்டம் விதித்தது. தந்தையைப் பிடித்துக் கேட்க முன்பிருந்த வழிகள் அடைக்கப்பட்டன. ‘தண்டனை கடுமையாக இருந்தால் பெண்கள் ஒழுக்கமாக இருப்பார்கள்’ என்பது சட்டம் இயற்றியோரின் வாதம். ஆண்கள் ஒழுக்கமாக இருக்க என்ன வழி என்று அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. எதிர்ப்பு எழுந்தது, 1844-ல் சிறிது தளர்த்தினர், தாய் நீதிமன்றம் ஏறி உதவித்தொகை கேட்கலாம் என்றனர். சட்டத்தின் எழுத்து மாறியது. சட்டம் ஊட்டிய எண்ணம் மாறவில்லை.

அந்த எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் கோலோச்சியது. மணமாகாமல் கருவுற்ற இளம்பெண்களை, ஊரார் கண்ணுக்குத் தெரியாமல் கொண்டுபோய் வைக்க, ‘தாய் சேய் இல்லங்கள்’ இருந்தன. பெரும்பாலும் மாதா கோயில்களும் மத அமைப்புகளும் நடத்தியவை. பேறுகாலம் வரையிலே அங்கே இருந்து, பெற்று, சில வாரங்கள் பாலூட்டி, பிறகு குழந்தையை யாரோ முன்பின் அறியாதவரிடம் தத்துக் கொடுத்துவிட்டு, வெறுங்கையுடனே வீடு திரும்ப வேண்டும். திரும்பியபின் அதைப்பற்றி வாயே திறக்கக்கூடாது! 1949 முதல் 1976 வரையிலான காலத்திலே, இங்கிலாந்திலும் வேல்சிலும் மணமாகாத தாய்மாரின் குழந்தைகளிலே ஏறத்தாழ 1,85,000 பேர் இவ்வாறு தத்துக் கொடுக்கப்பட்டனர் என்று, நாடாளுமன்றத்தின் மனித உரிமைக் கூட்டுக்குழு 2022-ம் ஆண்டு அறிக்கை தந்தது. ‘கொடுத்தோம்’ என்று அத்தாய்மார் சொல்லவில்லை. ‘பறிக்கப்பட்டது’ என்று சாட்சி சொன்னார்கள். ஸ்காட்லாந்து அரசும் வேல்ஸ் அரசும் 2023-ம் ஆண்டிலே அத்தாய்மாரிடம் முறைப்படி மன்னிப்புக் கேட்டன. அரைநூற்றாண்டு கழித்து வந்த மன்னிப்பு! அதற்குள் எத்தனையோ தாய்மார் மண்ணுக்குள் போய்விட்டனர்.

‘அன்பே கடவுள்’ என்று பலகை எழுதிய கட்டடங்களின் உள்ளேதான், தாயின் மடியிலிருந்து சேய் பிரிக்கப்பட்டது. பக்தி மிகுந்த இடத்திலே பரிவு மிகும் என்று நம்பச் சொல்பவர்கள் இந்த வரலாற்றை ஒருமுறை படித்துவிட்டு வரட்டும்.

* * *

இந்தப் பின்னணியிலே பிரிட்டனின் கலை உலகம் மணமாகாத இளந்தாயை எப்படிக் காட்டியது? நான்கு படிகளைக் காண்கிறோம்.

முதற்படி, 1958. சால்ஃபோர்டு என்ற தொழில் நகரத்திலே பிறந்த ஷீலா டெலனி என்ற பெண், தன் 19-ம் வயதிலே, ‘எ டேஸ்ட் ஆஃப் ஹனி’ என்ற நாடகத்தை அரங்கேற்றினாள். ஜோன் லிட்டில்வுட் இயக்க, கிழக்கு லண்டனின் உழைப்பாளர் பகுதியிலே இருந்த ஓர் அரங்கிலே அந்நாடகம் நடந்தது. பள்ளிப் பருவத்துப் பெண் ஜோ, கறுப்பின மாலுமி ஒருவன் அவளை விரும்புகிறான், கப்பல் புறப்படுகிறது, அவன் போய்விடுகிறான், அவள் கருவோடு நிற்கிறாள். தாயோ பொறுப்பற்றவள். ஓரினக் காதலன் என்பதால் உலகம் ஒதுக்கிய ஜெஃப் என்ற இளைஞன்தான் அவளைப் பேணுகிறான். உலகம் ஒதுக்கியவனிடத்திலே உள்ளன்பு. உற்ற தாயிடத்திலே உதாசீனம். நாடக மேடைக்கு அரசாங்கத் தணிக்கை இருந்த காலத்திலே இவ்வளவு துணிவு! 1961-ல் டோனி ரிச்சர்ட்சன் அதைத் திரைப்படமாக்கினார். ஆயினும், அங்கே தந்தை கப்பலேறியவன், திரும்பவேயில்லை.

இரண்டாம் படி, 1985. ‘ஈஸ்ட் எண்டர்ஸ்’ என்ற பி.பி.சி. தொடர்கதையிலே, 16 வயதுப் பெண் மிஷெல் கருவுறுகிறாள். தந்தை யார் என்பதையே மர்மமாக்கிப் பார்ப்போரைக் காக்கவைத்தனர். இறுதியில் தெரிந்தது: அவளுடைய தோழியின் தகப்பன், மதுக்கடைக்காரன், ஊரிலே பெரிய மனிதன்! மிஷெல் குழந்தையைப் பெற்று வளர்க்கிறாள். அவன் திரைமறைவிலே இருக்கிறான். தந்தை கப்பலேறவில்லை, தெருவுக்கு எதிரிலேயே இருக்கிறான், ஆனாலும் இல்லாதவன்தான்.

மூன்றாம் படி, 2003. அதே பி.பி.சி. த்ரீ அலைவரிசையிலே தோன்றியது ‘லிட்டில் பிரிட்டன்’ என்ற துணுக்குத் தொடர். அதிலே விக்கி பொல்லார்டு என்றொரு பாத்திரம். இளஞ்சிவப்பு உடையும், இடைவிடாத உளறலும், எண்ணிலடங்காப் பிள்ளைகளுமாகத் திரியும் ஏழைப் பெண். பாட்டுக் குழு ஒன்றின் இசைத்தட்டுக்காகத் தன் குழந்தையை மாற்றிக்கொண்டவள் என்று காட்டினர். நடித்தவர் மேட் லூகாஸ் என்ற ஆண். நாடே விழுந்து விழுந்து சிரித்தது. ஏடுகளும் அரசியல்வாதிகளும், ஏழை இளந்தாய் எவளையாவது இழித்துரைக்க வேண்டுமானால், ‘இன்னொரு விக்கி பொல்லார்டு’ என்று சொல்லத் தொடங்கினர். கற்பனைப் பாத்திரம், உயிருள்ள பெண்களின் முதுகிலே ஒட்டப்பட்ட சீட்டாயிற்று.

இந்தச் சிரிப்புக்கு முன்னோடி ஒரு மந்திரியே என்பதையும் மறக்கலாகாது. 1992-ம் ஆண்டு, பழமைக் கட்சியின் மாநாட்டிலே, சமுதாயப் பாதுகாப்பு மந்திரி பீட்டர் லில்லி, பழைய இசைநாடகப் பாட்டு ஒன்றின் மெட்டிலே, தான் ஒழிக்கப்போகிறவர்களின் பட்டியலைப் பாடிக் காட்டினார். அரசாங்க வீடு கிடைக்கும் வரிசையிலே முந்திக்கொள்வதற்காகவே கருவுறும் இளம்பெண்கள் என்று ஒரு கூட்டத்தையும் அப்பட்டியலிலே சேர்த்தார். அவை கைதட்டியது. ஏழைகளைப் பாதுகாக்கும் துறைக்கு மந்திரி. ஏழைப் பெண்ணைப் பழித்துப் பாட்டு. பாட்டுக்குப் பரிசு கைதட்டல்! சிரிப்பு, சிற்சில வேளைகளிலே, சவுக்கைவிடக் கொடிய கருவியாகிவிடுகிறது. சவுக்கடி பட்டவன் அழலாம்; சிரிப்படி பட்டவள் அழுதால் அதற்கும் சேர்த்துச் சிரிப்பார்கள்.

நான்காம் படி, நாம் எடுத்துக்கொண்ட ‘பிராம்பேஸ்’. விக்கி பொல்லார்டைப் பெற்றெடுத்த அலைவரிசையே, ஒன்பது ஆண்டுகள் கழித்து, அதே வசையைத் தலைப்பாக வைத்து, அந்த வசையையே கேள்வி கேட்கும் தொடரை ஒளிபரப்பியது. இது கருதத்தக்க மாற்றம்.

* * *

இத்தொடரின் சிறப்பு எதிலே இருக்கிறது? முதலாவதாக, ஜேமியிடத்திலே.

16 வயதுப் பையன். ஓடிவிடலாம், வயது அதற்கு இடம் தருகிறது, உலகமும் அவனை மன்னித்துவிடும். ‘விளையாட்டுப் பிள்ளை, தெரியாமல் செய்துவிட்டான்’ என்று சொல்லத் தயாராகப் பல நாக்குகள் உண்டு. அவன் ஓடவில்லை. வீரனாக நிற்கிறான் என்றும் சொல்ல முடியாது. தடுமாறுகிறான், உளறுகிறான், தப்பும் தவறுமாகச் செய்கிறான், ஆனால் நிற்கிறான். நான் தந்தை, எனக்கும் பங்கு உண்டு என்று நிற்கிறான். அந்த நிற்றலிலேதான் தொடரின் அறம் இருக்கிறது. தொடரின் சிரிப்பு பெரும்பாலும் அவனுடைய தடுமாற்றத்திலே பிறக்கிறது. லாராவின் வயிற்றைப் பார்த்துப் பிறக்கவில்லை. இந்த ஒரு நிலைமாற்றம் போதும், நூறு ஆண்டுப் பழக்கத்தைத் தலைகீழாக்க! இதுவரை கருவைச் சுமந்தவளே கேலியையும் சுமந்தாள். இங்கே கருவை அவள் சுமக்க, கேலியை அவன் சுமக்கிறான். பங்கீடு நியாயமானது!

இரண்டாவதாக, வயதிலே மூத்தவள் பெண்; இளையவன் ஆண். பேதைப் பெண்ணை ஏமாற்றிய பெரிய மனிதன் என்ற பழைய வாய்பாடு இங்கே செல்லாது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இருவரும் அறியாமையால், அவசரத்தால், மதுவால் வழுக்கியவர்கள். ‘கெடுத்தவன்’, ‘கெட்டவள்’ என்ற இரு முத்திரைகளும் பயனற்றுப் போகவே, ‘இனி என்ன செய்வது?’ என்ற கேள்வி மட்டும் மிஞ்சுகிறது. பழி தேடுவதை விட்டுப் பரிகாரம் தேட வைப்பது பகுத்தறிவுக்கு ஒத்த முறை.

மூன்றாவதாக, திருமணம் என்ற திரையைப் போட்டு விபத்தை மூடிவிடவில்லை. குழந்தை வந்துவிட்டது, ஆகவே தாலியைக் கட்டு, மோதிரத்தைப் போடு, ஊர் வாயை அடை என்று எந்தப் பெரியவரும் தீர்ப்பளிப்பதில்லை. முன்னொரு காலத்திலே அங்கும் அப்படித்தான் நடந்தது. துப்பாக்கியைக் காட்டித் தாலி கட்ட வைத்தது போன்ற திருமணங்கள். அன்பில்லாத இருவர் ஆயுள் முழுவதும் ஒரே கூரையின் கீழே கைதிகளாகக் கிடந்தனர். லாராவும் ஜேமியும் தொடரின் பெரும்பகுதியிலே கணவன் மனைவியல்லர். நிலைத்த காதலரும் அல்லர். ஒரு குழந்தையின் தாய், தந்தை. அந்த உறவுக்கு அகராதியிலே பெயரில்லை. பெயரில்லாத உறவுக்கும் பொறுப்பு உண்டு என்பதைத் தொடர் மெல்ல மெல்ல நிறுவுகிறது.

நான்காவதாக, இரு வீடுகளின் ஒப்புமை. லாராவின் தந்தை ஆலன், தாய் ஜேனட். நல்ல வீடு, நயமான பேச்சு, உயர்ந்த வட்டாரம். ஆனால் அந்த இல்லறம் உள்ளுக்குள்ளே உளுத்துப்போயிருக்கிறது. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் தாங்கமுடியாத நிலையிலே இருக்கின்றனர். ஜேமியின் தந்தை கீத், தாய் சாண்ட்ரா, நாகரிகம் குறைவு, செல்வம் குறைவு, அன்பு குறைவில்லை. மகன் செய்துவிட்ட காரியம் கேட்டு அதிர்கின்றனர், அதிர்ந்தபின் அணைத்துக்கொள்கின்றனர். முறைப்படி மணந்து, முறைப்படி பெற்று, முறைப்படி வளர்த்தவர்கள் சிதறிக் கிடக்க, முறை தவறிய இரண்டு பிள்ளைகள் முறையாக நடந்துகொள்ள முயல்கிறார்கள்! ‘குடும்பத்தின் புனிதம்’ என்று கோயிலிலும் மாநாட்டிலும் முழங்குவோருக்கு இதைவிட நல்ல மறுமொழி என்ன வேண்டும்? சடங்கு அல்ல, பொறுப்பே குடும்பத்தைக் கட்டுகிறது என்பதைத் தொடர் ஒரு சொற்பொழிவும் செய்யாமலே சொல்லிவிடுகிறது. ஆலனாக ஆங்கஸ் டேட்டனும், ஜேனட்டாக அன்னா சான்சலரும் நடிக்கும் இடங்கள் தொடரின் கூர்மையான இடங்கள். மரியாதைப் போர்வையைத் தாங்களே கிழித்துக் காட்டுகின்றனர்.

* * *

பாராட்டிவிட்டோம். இனிக் குறையையும் கூறுவோம்; கூறாவிட்டால் திறனாய்வு திருமண வாழ்த்துமடல் ஆகிவிடும்.

சிறு குறை முதலிலே. இளைஞர் அலைவரிசைக்கு எழுதப்பட்டது என்பதாலோ என்னவோ, உடற்கூற்றுக் கேலி அளவுக்கு மிஞ்சுகிறது. ஜேமியின் நண்பன் மைக் வாயைத் திறந்தால் அதுவேதான். ஓரிரு முறை சிரிக்கலாம். ஒவ்வொரு முறையும் அதுவே என்றால் சலிப்பு. நல்ல காட்சி கனியும் தறுவாயிலே கொச்சைத் துணுக்கு ஒன்று குறுக்கே ஓடிக் கெடுத்துவிடுகிறது. ஜேமியை மனத்திலே வைத்துக்கொண்டு வெளியே சொல்லாதிருக்கும் தோழி பெத், யாஸ்மின் பேஜ் நடிப்பால் உயிர் பெற்றவள். அவளுக்குக் கதையாசிரியர் இன்னும் இடம் கொடுத்திருக்கலாம்.

பெருங்குறை வேறு. தலைப்பிலே இருக்கும் வசை ஏழைப் பெண்ணுடையது. கதையிலே இருக்கும் பெண் ஏழையல்ல! தள்ளுவண்டியைத் தள்ளி வசை வாங்கியவள் நகராட்சிக் குடியிருப்பிலே இருக்கிறாள்; அந்த வசையைத் தூக்கிக்கொண்டு திரைக்கு வருபவளோ, அறைகள் பல கொண்ட வீட்டிலிருந்து, படித்த பெற்றோரின் பாதுகாப்பிலிருந்து வருகிறாள். அவள் விழுந்தாலும் மெத்தையிலே விழுவாள். பல்கலைக்கழகம் தள்ளிப்போகுமே தவிரத் தொலைந்துபோகாது. அவளைப் பார்த்து நாம் இரங்குகிறோம், சிரிக்கிறோம், வாழ்த்துகிறோம். ஆனால் விக்கி பொல்லார்டு பிறந்த தெருவிலே பிறந்திருந்தால் அவளுக்கு இந்த இரக்கம் கிடைத்திருக்குமா? நடுத்தர வகுப்புப் பெண்ணுக்கு நேர்ந்தால் ‘எதிர்பாராதது’. ஏழைப் பெண்ணுக்கு நேர்ந்தால் ‘எதிர்பார்த்ததுதான்’! ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு சொற்கள். அந்த இரண்டு சொற்களுக்கு இடையிலே கிடக்கும் பள்ளத்தைத் தொடர் எட்டிப் பார்க்கிறது, இறங்கிப் பார்க்கவில்லை.

வர்க்க வேறுபாட்டை அது காட்டாமலில்லை. ஆனால் பேச்சின் ஒலி, வீட்டின் அலங்காரம், உணவு மேசையிலே பழகும் முறை என்ற அளவிலே, பழக்கவழக்க வேறுபாடாகக் காட்டுகிறதேயன்றிப் பணத்தின் வேறுபாடாகக் காட்டவில்லை. தொடர் வெளிவந்த காலம் எப்படிப்பட்டது? சிக்கனம் என்ற பெயரால் பிரிட்டிஷ் அரசு ஏழைகளின் உதவிகளை வெட்டிக்கொண்டிருந்த காலம். 16 வயதுக்குமேல் படிப்பைத் தொடரும் ஏழை மாணவர்க்கு வாரம் 30 பவுன் வரை கொடுத்துவந்த கல்வி உதவித்தொகையை இங்கிலாந்திலே 2011-ம் ஆண்டு நிறுத்திவிட்டனர். அதாவது, ஜேமியைப் போன்ற பையன்களுக்குரிய தொகை! இளந்தாய்மார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் ஆலோசனையும் ஆதரவும் பெற்ற ‘ஷுயர் ஸ்டார்ட்’ நிலையங்கள் அதற்குப்பின் வந்த ஆண்டுகளிலே நூற்றுக்கணக்கில் மூடப்பட்டன. குழந்தையை யாரிடம் விட்டுவிட்டுப் படிப்பது? வாடகை யார் தருவது? வேலை கிடைக்குமா? இந்தக் கேள்விகள் தொடரின் ஓரத்திலே நிற்கின்றன, நடுவுக்கு வரவில்லை. நகைச்சுவை இவற்றைத் தாங்காது என்று சொல்வோர், வறுமையைப் பார்த்துச் சிரிக்கவும் வைத்து, சிரித்தவனைச் சிந்திக்கவும் வைத்த சார்லி சாப்ளின் எந்த ஊரிலே பிறந்தார் என்று எண்ணிப் பார்க்கட்டும். லண்டன்தான்!

* * *

மற்றொரு கூட்டத்தின் கூக்குரலுக்கும் விடை கூறவேண்டும். ‘இப்படிப்பட்ட கதைகளைக் காட்டினால் இளைஞர் கெடுவர், மணமாகாத தாய்மை மலிந்துவிடும், வெட்கம் என்ற வேலியை அகற்றினால் பயிர் பாழ்’ என்பது அக்கூட்டத்தின் வாதம். வாதம் பழையது, 1834-லேயே கேட்டது. கணக்கைப் பார்ப்போம்.

1998-ம் ஆண்டு, இங்கிலாந்திலே 18 வயதுக்குக் குறைந்த பெண்களிலே, ஆயிரத்துக்கு ஏறத்தாழ 47 பேர் கருவுற்றனர். மேற்கு ஐரோப்பாவிலே மிக உயர்ந்த அளவுகளில் அது ஒன்று. வெட்கத்தை ஊட்டும் மந்திரியின் பாட்டுக்கும் ஏடுகளின் ஏளனத்துக்கும் குறைவில்லாத காலம் அது! ஏளனம் எண்ணிக்கையைக் குறைக்கவில்லை. 1999-ல் தொழிற்கட்சி அரசு ஒரு திட்டம் வகுத்தது. பள்ளியிலே பாலியல் கல்வி, இளைஞர் அஞ்சாமல் அணுகக்கூடிய கருத்தடை நிலையங்கள், பெற்றுவிட்ட இளந்தாய்மாருக்குப் படிப்பைத் தொடர உதவி — இவையே அத்திட்டத்தின் தூண்கள். 2014-ம் ஆண்டு அந்த 47 என்பது ஏறத்தாழ 23 ஆகியது, அதன்பின்னும் இறங்கியது. திட்டம் ஒன்றே காரணம் என்று கூறிவிட முடியாது. ஆயினும் அதற்குப் பெரும்பங்கு உண்டு என்பது ஆராய்ந்தோர் பலரின் முடிவு. அதிலும், வறுமை மிகுந்த வட்டாரங்களிலேதான் இளவயதுக் கருவுறுதல் மிகுதி என்பதையும் கணக்குகள் காட்டின. ஆகவே நோய்க்குப் பெயர் ஒழுக்கக்கேடு அல்ல. அறியாமை, வறுமை, எதிர்காலத்தைப்பற்றிய நம்பிக்கையின்மை. மருந்தும் அதற்கேற்பத்தான் இருக்கவேண்டும். இத்தொடர் ஒளிபரப்பான 2012 முதல் 2014 வரையிலான ஆண்டுகளிலும் அந்த அளவு குறைந்துகொண்டேதான் வந்தது. வெட்கம் என்ற வேலி வேண்டும் என்போர் இந்தக் கணக்குக்கு என்ன சொல்வார்கள்?

‘கருத்தடை என்பது மக்கட்தொகைக்காக மட்டுமல்ல, பெண்ணின் விடுதலைக்காக’ என்ற கருத்தைப் பெரியார் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ என்ற நூலிலே விளக்கினார். அந்தக் கண்ணாடியை அணிந்துதான் நாம் இத்தகைய படைப்புகளைக் காண்கிறோம். தாய்மை, பெண் விரும்பி ஏற்கும் பொறுப்பாக இருக்கவேண்டும். அவள்மீது சுமத்தப்படும் தண்டனையாக இருத்தல் ஆகாது. லாராவுக்கு முன்னே வழிகள் இருந்தன. 1967-ம் ஆண்டுச் சட்டம் கருக்கலைப்புக்கு இடமளித்திருந்தது. கருத்தடைச் சாதனங்கள் 1974 முதல் அரசு மருத்துவத்திலே கட்டணமின்றிக் கிடைத்தன. பல வழிகள் இருக்க, ஒன்றை அவளே தேர்ந்தெடுக்கிறாள். ஜோவுக்கும், தாய் சேய் இல்லங்களிலே அழுத ஆயிரமாயிரம் பெண்களுக்கும் அந்தத் தேர்வு இல்லை. ஆகவேதான் அவர்கள் கதை கண்ணீராயிற்று. இவள் கதை நகைச்சுவையாக முடிந்தது. சட்டமும் அறிவியலும் முன்னே சென்று கண்ணீரைத் துடைத்தபிறகே, கலை அங்கே சிரிப்பைக் கொண்டுவர முடிந்தது.

நம்மவர்க்கு ஒரு பழங்கதை நினைவுக்கு வராமல் இராது. மணமாகாத குந்தி, பெற்ற குழந்தையைப் பெட்டியிலே வைத்து ஆற்றிலே விட்டாள். பழிக்கு அஞ்சியவள் அவள். பிறப்பைச் சொல்லி வாழ்நாளெல்லாம் இழிக்கப்பட்டவன் கர்ணன். தந்தையான கதிரவனோ, நாள்தோறும் காலையிலே அர்ச்சனை பெறுகிறான்! அவனை யாரும் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. ஆற்றிலே மிதந்த அந்தப் பெட்டிக்கும், தெருவிலே ஜேமி தள்ளிக்கொண்டு போகும் அந்த வண்டிக்கும் இடையிலே இருக்கும் தொலைவுதான் மனிதகுலம் நடந்த தொலைவு. புராணத்தின் தேவன் செய்யாததை, பரீட்சை எழுதிய பள்ளிப் பையன் செய்கிறான்.

‘பிராம்பேஸ்’ பேரிலக்கியமல்ல, அதன் ஆசிரியரும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. ஏழைப் பெண்ணின் வசையை எடுத்து வசதியான பெண்ணுக்குச் சூட்டிய பிழை அதன்மீது உண்டு. ஆயினும், சிரிப்பின் முகத்தைத் திருப்பிவிட்டது. தாயைச் சுட்டிய விரலைத் தந்தையின் பக்கமும் சுட்ட வைத்தது. சுட்டியபின் அவனைத் தண்டிக்காமல், குழந்தையைத் தூக்கிக்கொள் என்று கையிலே கொடுத்தது. அடுத்து வருபவர் ஒரு படி மேலே சென்று, அந்தத் தள்ளுவண்டியை நகராட்சிக் குடியிருப்பின் தெருவுக்கே தள்ளிச் செல்லட்டும். அங்கே நிற்கும் பெண்ணையும் இதே பரிவோடு நம்மைப் பார்க்க வைக்கட்டும். அன்றுதான் அந்த வசைச்சொல் செத்தது என்று நாம் ஒப்புக்கொள்வோம். தள்ளுவண்டியைத் தள்ளுவதிலே தலைகுனிய என்ன இருக்கிறது? தலைகுனிய வேண்டியவர்கள், அந்தத் தாயின் கையிலிருந்து குழந்தையைப் பறித்தவர்களும், அவள் போகும் வழியிலே நின்று சிரித்தவர்களுமே!